எர்த் பட்டைக்கு அடியில்

1949 பிப்ரவரி 12-ஆம் தேதி சனிக்கிழமை, கல்குளம் தாலுகாவில் தக்கலைக்கு மேற்கே ஒரு சிற்றூரில், பட்டாளம் கழித்துவிட்ட ஷெவ்ரலே லாரி ஒன்று சத்தியபாயின் வீட்டு முன்னால் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் அவருடைய இளைய மகன் ஜெபதாஸ்.

சத்தியபாய் வெளியே வந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருடைய மூத்த மகன் நேசையன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். 1944-இல் இம்பாலுக்குப் போகும் மலைச்சாலையில் இறந்துபோனான். உடல் வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவனுடைய டிரங்குப் பெட்டி வந்தது. ஒரு பட்டாள லாரி அதைக் கொண்டுவந்து இறக்கியது. பெட்டியும் பச்சை, லாரியும் பச்சை. சாணியில் இலையை அரைத்துக் கலந்ததுபோல, பளபளப்பே இல்லாத பச்சை. பெட்டியை இறக்கிய இரண்டு பேரும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பெட்டியைத் திறக்க சத்தியபாய்க்குக் கை வரவில்லை. அதற்கு வேறு வண்ணம் அடிக்க வேண்டும் என்று பெயிண்டர் சுயம்புவை வரச்சொன்னார். திறந்தது சுயம்புதான். உள்ளே இருந்த இரண்டு சட்டைகளையும் வேதப்புத்தகத்தையும் எடுத்துப் பாயில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கீலையோ தாழ்ப்பாளையோ விட்டுவிட்டு அதைச் சுற்றி மட்டும் பெயிண்ட் அடிக்க மாட்டார். கழற்றி எடுப்பார், அடியிலும் அடிப்பார், காய்ந்த பிறகு மாட்டுவார். சுற்றி அடிப்பது பிச்சைக்கார வேலை என்பார். பெட்டி உள்ளும் புறமும் நீலமாயிற்று. சத்தியபாய் அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இப்போது அதே பச்சை வாசலில் நின்றது.

ஜெபதாஸுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் மர வியாபாரியின் லாரியை எத்தனை காலம்தான் கூலிக்கு ஓட்டுவது? சொந்தமாக ஒரு லாரி வேண்டும் என்று அலைந்தவனுக்கு அந்தக் காலத்தில் கிடைத்ததெல்லாம் பட்டாளத்துச் சரக்குதான். கதவுக்கு வெளியே நின்று அதைத்தான் சொன்னான். நீலம் அடித்துவிடலாம், அந்தப் பெட்டிக்கு அடித்த அதே நீலம் என்றான்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேல மட்டும் அடிச்சா போராது மக்கா. உள்ள, அடியில, எங்கயும் ஒரு விரலகலம் இருக்கப்பிடாது. எனக்கு வாக்கு தா."

அவன் வாக்குக் கொடுத்தான்.

முதலில் லாரி கிருஷ்ணமணியின் கொட்டகைக்குப் போனது. கிருஷ்ணமணி யுத்த காலம் முழுவதும் பட்டாளத்தின் பழுதுபார்க்கும் படையில் வயரிங் வேலை செய்தவர். தக்கலைச் சாலையோரம் ஓலைக்கொட்டகை போட்டிருந்தார். அவருக்கு அந்த வகை லாரிகள் எல்லாம் பழைய சிநேகிதர்கள். திமாப்பூரில் இதன் சித்தப்பனையும் பெரியப்பனையும் பார்த்திருக்கிறேன் என்பார். எலி கடித்த வயர்களை உருவிப்போட்டார். விமானத்தின் கண்ணில் படாமலிருக்கப் பட்டாளத்தில் மாட்டியிருந்த சிறிய மறைப்பு விளக்குகளைக் கழற்றி எறிந்து, ஊரில் ஓட்டத் தகுந்த பெரிய விளக்குகள் போட்டார். டைனமோவைப் பிரித்து, தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றினார். ஆறு வோல்ட் பேட்டரி புதிதாக வைத்தார். ஸ்டார்ட்டரை அழுத்தியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வயரிங் முடிந்த பிறகுதான் லாரி சுயம்புவிடம் போனது. பெயிண்டை முதலில் முடித்துவிட்டு வயரிங் பார்ப்பதுதான் முறை. சுயம்பு அப்போது ஒரு மாளிகை வீட்டில் கதவு ஜன்னல் வேலையில் இருந்ததால் முறை மாறிவிட்டது.

சுயம்பு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். சக்கரங்களின் உட்புறம், பானட்டின் உட்புறம், சேசிஸ், பெட்ரோல் தொட்டியின் முதுகு எதையும் விடவில்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி அடியில் அடித்தார். வழியில் போன கிருஷ்ணமணி எட்டிப்பார்த்து, "ஓய், வண்டிக்க குடலுக்கும் நீலம் அடிச்சீரா?" என்று கேட்டார். "கழத்தித் தந்தா அடிச்சிருவேன்" என்றார் சுயம்பு.

லாரியைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள்; போதகர் ஐயர் ஜெபம் செய்தார். அடுத்த நாள் சத்தியபாய் தானாகவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முட்டத்துக் கடலைப் பார்க்க வேண்டும் என்றார். பாறைகளுக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் கடலைப் பார்த்தார். திரும்பும் வழியில் ஒரு பள்ளத்தில் லாரி குதித்து அவர் தலை மேலே இடித்தபோது சிரித்தார். ஐந்து வருடத்தில் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்ததாக ஜெபதாஸ் பிறகு கிருஷ்ணமணியிடம் சொன்னான்.

அதிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் அவன் பானட்டைத் திறந்துவைப்பான். அவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவார். மூடிய பானட்டின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "போனதுபோல வரணும் ஆண்டவரே" என்பார். அவ்வளவுதான் ஜெபம்.

"ஜெபம் எனக்கா, வண்டிக்கா?" என்று அவன் கேட்பான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்லே. போ."

ஜூலை மாதத்தில் ஸ்டார்ட்டர் மந்தமாகியது. ஒருநாள் அதை அழுத்தியபோது டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. கை ஆக்சிலேட்டரின் குமிழைத் தொட்டவன் சூடு தாங்காமல் கையை உதறினான். லாரியைக் கொட்டகைக்குக் கொண்டுபோனான்.

கால் மிதிக்கும் ஆக்சிலேட்டர் போக, அந்த லாரிகளில் கையால் இழுக்கும் ஆக்சிலேட்டர் ஒன்றும் உண்டு. குமிழை இழுத்தால், சுருள் உறைக்குள் ஓடும் ஒரு கம்பி கார்ப்பரேட்டரைத் திறந்து வைக்கும். நீண்ட ஏற்றங்களில் டிரைவர்கள் அதை இழுத்து வைத்துவிட்டுக் காலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அந்தக் கம்பிதான் உறைக்குள் கருகியிருந்தது.

கிருஷ்ணமணி கம்பியைப் பார்க்கவில்லை. நேராக எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து, செம்பு இழைகளால் பின்னிய ஒரு பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். பட்டைக்கு அடியில், சேசிஸில் அது உட்காரும் இடத்தில், வழவழவென்று நீலப் பெயிண்ட் இருந்தது.

அவர் ஜெபதாஸைக் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்ட் சேசிஸ் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே பாலம் இந்த எர்த் பட்டை மட்டும்தான். இரும்பும் செம்பும் நேராகத் தொட வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் பாலம் அடைத்துப்போகும். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் ஓடும், அதுவும் துருப்பிடித்தால் முடிந்தது.

"சொந்த வழிய அடைச்சா அது அடுத்தவன் வேலி ஏறிக் குதிக்கும். இங்க வேலி இந்தக் கம்பி. பாத்தியா, வெந்துபோச்சு" என்றார்.

புதுக் கம்பி போட்டார். பிறகு அரத்தை எடுத்து, பட்டை உட்காரும் இடத்தை இரும்பு வெளுக்கும்வரை சுரண்டினார். நடுவில் வெள்ளை இரும்பு. அதைச் சுற்றி நீலத்துக்கு அடியில் இருந்த பட்டாளத்துப் பச்சை ஒரு வளையமாகத் தெரிந்தது. பட்டையை வைத்து முறுக்கிய பிறகும் அந்த வளையம் வெளியே நின்றது.

ஜெபதாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பச்ச தெரியுதே."

"தெரியட்டும். வண்டி ஓடணுமா, பெண்ணு பாக்கப் போவணுமா?"

"அம்மைக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

அம்மாவிடம் தானே வந்து விளக்கிச் சொல்வதாக கிருஷ்ணமணி சொன்னார். அவன் சம்மதிக்கவில்லை.

"சொல்லாண்டாம்ணே. சொன்னா அவிய தினமும் அதையே பாத்துக்கிட்டு நிப்பாவ. தெரியாம இருந்திட்டுப் போட்டும்."

ஒரு விரல் கிரீஸை எடுத்து வளையத்தின் மேல் தடவினான். துரு பிடிக்காமலிருக்க அதுவும் நல்லதுதான் என்று கிருஷ்ணமணி விட்டுவிட்டார்.

ஆடியும் ஓணமும் மழையும் போயின. லாரி திற்பரப்புப் பக்கத்திலிருந்து மரம் ஏற்றிக் குளச்சலுக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடியது. அறுப்பு நாட்களில் நெல்மூட்டை ஏற்றியது. ஜெபதாஸுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். நெய்யூர்ப் பக்கத்தில் ஒரு வாத்தியார் மகள், பெயர் பூங்கனி. பிப்ரவரியில் கோயிலில் திருமண ஓலை வாசிக்கலாம் என்று பேச்சு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஊரில் எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பரண்மேல் உள்ள பாத்திரம்வரை இறக்கிக் கழுவுவார்கள். லாரியும் வீட்டைச் சேர்ந்ததுதான் என்று சத்தியபாய் நினைத்தார். சனிக்கிழமை மத்தியானம் ஜெபதாஸ் பந்தல் போட கோயிலுக்குப் போயிருந்தான். அவர் பழைய முண்டு ஒன்றைக் கிழித்து நனைத்து, பானட்டைத் திறந்து உள்ளே துடைத்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கிரீஸ் கட்டி இருந்தது. அதையும் அழுத்தித் துடைத்தார்.

பச்சை தெரிந்தது.

அவர் துணியைக் கீழே போட்டார். பிறகு தெரு முனையில் ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சுயம்புவைப் போய்க் கூட்டிவந்தார். பழைய நீல டப்பாவில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

சுயம்பு குனிந்து பார்த்தார். தன் வேலையை யாரோ அரத்தால் கீறி வைத்திருப்பதைக் கண்டு அவருக்குக் கோபம் வந்தது. எந்தக் கழுதை செய்த வேலை என்று கேட்டார். யாராக இருந்தாலும் இருக்கட்டும், இருட்டுமுன் மறைத்துவிட வேண்டும் என்றார் சத்தியபாய். இன்னொன்றும் சொன்னார்.

"பயலுக்குத் தெரியாண்டாம் சுயம்பு. வாக்கு தவறிட்டோம்ணு வெசனப்படுவான்."

சுயம்பு ஸ்பேனர் வாங்கி, போல்ட்டைக் கழற்றி, பட்டையை விலக்கி, இரும்பைத் துடைத்து, இரண்டு பூச்சு நீலம் அடித்தார். நன்றாகக் காயும்வரை காத்திருந்தார். பட்டையை மாட்டி முன்பைவிட இறுக்கமாக முறுக்கினார். சத்தியபாய் அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போயிற்று.

புது வருடம் பிறந்ததும் ஸ்டார்ட்டர் மறுபடியும் மந்தமாகியது. ஜெபதாஸ் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்ப்பான். பிறகு இறங்கி, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவான். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்தான். சனிக்கிழமை தக்கலைச் சந்தையில் கிருஷ்ணமணியைப் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னான்.

கிருஷ்ணமணி முதலில் கேட்டது எர்த் பட்டையைப் பற்றித்தான். யாராவது அதைத் தொட்டார்களா?

"யாரு தொடப்போறா? காலையில இருட்டோட கைய விட்டுப் பாத்தேன், பிடிச்சு ஆட்டினாலும் அசையல்ல. அப்படியே இறுகிக் கெடக்கு."

அப்படியானால் பேட்டரிதான் என்றார் கிருஷ்ணமணி. செவ்வாய்க்கிழமை கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை ஒரு நடை திற்பரப்புக்குப் போய்விட்டு வருவதாக ஜெபதாஸ் சொன்னான்.

ஜனவரி 9-ஆம் தேதி காலையில் சத்தியபாய் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். பானட்டில் கைவைத்து வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். பானட்டை மூடுமுன் பட்டை இருந்த இடத்தையும் ஒருமுறை பார்த்திருந்தார். எங்கும் நீலமாக இருந்தது.

நடந்ததை, லாரியில் ஏற்றிய மரத்தின் மேல் உட்கார்ந்து வந்த சுமைக்காரர் செல்லக்கனி சொன்னார். திற்பரப்பைத் தாண்டி ஒரு நீண்ட ஏற்றம். ஜெபதாஸ் கை ஆக்சிலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே ஏறினான். உச்சிக்கு வந்ததும் எஞ்சின் சத்தம் தணிய வேண்டும். தணியவில்லை. கூடிக்கொண்டே போயிற்று. ஜெபதாஸ் குமிழைக் கையால் குத்துவது பின்னாலிருந்த சிறிய ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அந்த லாரியின் பிரேக்குக்கு எஞ்சின் உறிஞ்சும் காற்றுதான் பலம் கொடுக்கும். ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்து நின்றால் அந்த உறிஞ்சல் இல்லை. பாதி இறக்கத்தில் அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். அதற்குள் மரத்தின் பாரம் லாரியைத் தள்ளத் தொடங்கிவிட்டது.

"அண்ணே, சாடும்!" என்று அவன் கத்தினான். செல்லக்கனி குதித்தார். தோள் எலும்பு முறிந்தது.

வளைவில் லாரி பாறையில் மோதி நின்றது. மரங்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னால் வந்தன.

இந்த முறை உடல் வீட்டுக்கு வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் கிருஷ்ணமணி திற்பரப்புக்குப் போனார். லாரியின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் எஞ்சினுக்குப் பக்கம் அதிகம் கெடவில்லை. கை ஆக்சிலேட்டரின் கம்பியை உறையோடு வெட்டி எடுத்துப் பார்த்தார். ஜூலையில் அவர் போட்ட புதுக் கம்பி இரண்டு இடத்தில் உறையோடு உருகி ஒட்டியிருந்தது. எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. யாரோ நன்றாக முறுக்கியிருந்தார்கள். அடியில் நீலம் இருந்தது. பழைய கீறல்களின் மேல் வழிந்து, சமமாக, இரண்டு பூச்சு. அந்தக் கைவேலை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

சுயம்புவைக் கொட்டகைக்கு வரச்சொன்னார். பட்டையையும் கம்பியையும் பலகையில் வைத்துக் கேட்டார். சுயம்பு மறைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, அந்த அம்மா கூப்பிட்டார்கள், பச்சை தெரிந்தது, மறைத்தேன் என்றார். ஏன் கழற்றினீர் என்று கிருஷ்ணமணி கேட்டதற்கு, கழற்றாமல் எப்படி அடிப்பது என்றார்.

கிருஷ்ணமணி விளக்கினார். ஜெபதாஸுக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். பாதியிலேயே சுயம்புவுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மைக்கிட்ட சொல்லப்போறீரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கிருஷ்ணமணி கம்பியையும் பட்டையையும் சாக்கில் சுற்றிப் பலகைக்கு அடியில் தள்ளினார்.

பதினாறாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு சத்தியபாய் கிருஷ்ணமணிக்கு ஆள் அனுப்பினார். வீட்டில் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நீலப் பெட்டி இருந்தது. அதன்மேல் ஜெபதாஸின் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. வண்டியில் என்ன கேடு என்று சத்தியபாய் கேட்டார். ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நீ பார்த்தாய், நீ சொல் என்றார்.

"கை ஆக்சிலேட்டர் கம்பி சிக்கிப்போச்சும்மா."

"ஏன் சிக்கிச்சு?"

கிருஷ்ணமணி பெட்டியைப் பார்த்தார்.

"நான் போட்ட கம்பிதாம்மா. சரக்கு சரியில்ல. நான் பாத்து வாங்கியிருக்கணும்."

உறவுக்காரப் பெண்களில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். சத்தியபாய் அவரைத் திட்டவில்லை. பிறகு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் பானட்டுக்குள் பச்சை தெரிந்ததையும், சுயம்புவைக் கூட்டிவந்து மறைத்ததையும், மகனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதையும் தானாகவே சொன்னார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்வதாகச் சொன்னார்.

"நீ என்ன செய்வ மக்கா, கம்பி என்ன செய்யும். எங்கயோ இன்னும் கொஞ்சம் பச்ச இருந்திருக்கு. எனக்குத்தான் கண்ணுல படல்ல."

கிருஷ்ணமணி எழுந்து நின்றார். பிறகு போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

கேடான கம்பியைப் போட்டு ஒரு பையனைக் கொன்றவர் என்று கொஞ்ச நாளில் பேச்சுப் பரவியது. மர லாரிகள் மார்த்தாண்டத்தில் வேறு ஒருவரிடம் போகத் தொடங்கின. பூங்கனியின் அப்பா ஒருநாள் கொட்டகைக்கு முன்னால் நின்று, பையனைக் கொன்றுவிட்டீரே என்று உரக்கக் கேட்டுவிட்டுப் போனார். கிருஷ்ணமணி யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வாத்தியார் கத்தியபோது அந்த வழியாக வந்த சுயம்பு எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

லாரியைச் சத்தியபாய் விற்கச் சொன்னார். 1950 ஆகஸ்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் வாங்கினார். முன்பக்கத்தை நிமிர்த்தி, ரேடியேட்டர் மாற்றி, ஓடும்படி செய்துகொடுக்கும் வேலையைக் கிருஷ்ணமணி ஏற்றுக்கொண்டார். கடைசி நாளில், தான் கழற்றி வைத்திருந்த எர்த் பட்டையை எடுத்துவந்து, அது உட்காரும் இடத்திலிருந்த நீலத்தை அரத்தால் இரும்பு தெரியும்வரை சுரண்டினார். சுற்றிலும் பச்சை வளையம் வந்தது. அதன்மேல் கிரீஸ் தடவவில்லை. பட்டையை மாட்டி முறுக்கினார்.

ஸ்டார்ட்டரை முதல் முறை அழுத்தியதுமே எஞ்சின் பிடித்தது. லாரி ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குப் போயிற்று.